நிலவு மண் தந்த சித்தம்பூண்டி: 200 வருஷமா கல் போகுது, ஊருக்கு என்ன வந்துச்சு?

ஹார்டுவேர் கடையில் சாணைக்கல் கேட்டால், 'கார்போரண்டம் கல்லா?' என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பதுண்டு. கேட்க என்னமோ அமெரிக்கப் பெயர் மாதிரி இருக்கிறது. பெயர் வைத்தவரும் அமெரிக்கர்தான். ஆனால் அந்தப் பெயரின் பின்பாதியில் இருப்பது ஒரு தமிழ்ச் சொல்: குருந்தம்.

வைரத்துக்கு அடுத்தபடியாகக் கடினமான இயற்கைக் கனிமங்களில் ஒன்று இந்தக் குருந்தம். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9. இதில் கொஞ்சம் குரோமியம் கலந்து சிவந்தால் அதற்குப் பெயர் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்து நீலமானால் நீலக்கல். நிறமும் ஒளியும் சரியாக அமையவில்லை என்றால் வெறும் சாணைக்கல். சம்ஸ்கிருதத்தில் மாணிக்கத்தைக் குறிக்கும் 'குருவிந்தம்' என்ற சொல்லோடு உறவுள்ள தமிழ்ச் சொல்தான் ஐரோப்பியர் வாயில் 'கொரண்டம்' ஆனது. இன்று உலகத்தின் எல்லாப் புவியியல் பாடப் புத்தகங்களிலும் அந்தக் கனிமத்துக்கு அதுதான் பெயர்.

அந்தக் கல் கிடைத்த இடங்களில் முக்கியமான ஒன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரை நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் வேறொரு காரணத்துக்காக. சந்திரயானுக்கு 'நிலவு மண்' கொடுத்த சித்தம்பூண்டி.

நிலவுக்கும் நாமக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

திருச்செங்கோட்டுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில் இருக்கும் மேட்டாங்காட்டுப் பகுதி அது. மழையை நம்பிய நிலம், குச்சிக்கிழங்கு, நிலக்கடலை, சோளம், நடுவில் கோழிப் பண்ணைகள். சித்தம்பூண்டியிலும் பக்கத்தில் குன்னமலையிலும் நிலத்துக்கு மேலே தெரிகிற வெள்ளைப் பாறையின் பெயர் அனார்த்தோசைட். வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம்.

நிலாவை மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். பாட்டி வடை சுடுவதாகச் சின்ன வயதில் காட்டினார்களே, அந்தக் கறுப்புத் திட்டுகள் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் சமவெளிகள். சுற்றி வெளிச்சமாகத் தெரியும் மேட்டு நிலம் முழுக்க அனார்த்தோசைட் குடும்பப் பாறை. 1971-ல் அப்பல்லோ 15 வீரர்கள் எடுத்துவந்த 'ஜெனிசிஸ்' கல்லும் இதே குடும்பம்தான். பாட்டியைச் சுற்றியிருக்கும் அந்த வெள்ளைக்குப் பூமியில் ஒரு ஒன்றுவிட்ட சொந்தக்காரன் உண்டென்றால், அது சித்தம்பூண்டியில் இருக்கிறது.

சந்திரயான்-2 திட்டத்துக்காக லேண்டரின் கால்களையும் ரோவரின் சக்கரங்களையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் மாதிரி ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்காவில் அப்படியொரு மாதிரி மண் விற்பனைக்கு இருந்தது. விலை கிலோவுக்கு 150 டாலர் என்று இஸ்ரோவின் முன்னாள் விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரை பின்னர் பேட்டிகளில் சொன்னார். தேவையோ டன் கணக்கில். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையும் திருச்சி என்ஐடியும் இஸ்ரோவோடு சேர்ந்தன. சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையைச் சேலம் பக்கம் உடைத்து, அரைத்து, நிலவு மண்ணின் பருமனுக்குச் சலித்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். 2012 முதல் சுமார் 50 டன் கொடுத்திருப்பதாகப் பல்கலைக்கழகத் தரப்பு 2023-ல் சொன்னது.

முதலில் 25 கோடி ரூபாய் ஆகும் என்று போட்ட திட்டம் அது. உடைத்தவர்களும் ஏற்றிச் சென்றவர்களும் காசு வாங்காததால் செலவு பெரிய அளவில் குறைந்தது என்பதும் அண்ணாதுரை சொன்ன தகவல்தான். இந்தத் தயாரிப்பு முறைக்கு 2020 மே மாதம் இஸ்ரோவுக்குக் காப்புரிமை கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04-க்கு விக்ரம் லேண்டர் தரையிறங்கியது. அந்த இடத்து மண்ணில் பிரக்யான் ரோவர் எடுத்த அளவீடுகளும் அனார்த்தோசைட் வகையையே காட்டுவதாக 2024-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. அதாவது, ஒத்திகை சரியான தரையில்தான் நடந்திருக்கிறது.

அன்றைக்கு ஒரு வாரம் சித்தம்பூண்டி டிரெண்டிங்கில் இருந்தது. ரீல்ஸ் வந்தது, 'நம்ம ஊர் மண்ணு' என்று ஸ்டேட்டஸ் வந்தது. அப்புறம் எல்லோரும் அடுத்ததற்கு ஸ்க்ரோல் செய்துவிட்டோம்.

இது முதல் தடவை இல்லை

இந்தப் பாறை ஊரை விட்டு வெளியே போய்ப் பேர் வாங்குவது இதற்கு முன்பும் நடந்திருக்கிறது.

காவிரியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொங்கு நாடு பழைய கல் நாடு. ஈரோடு மாவட்டம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1980-களில் தொடங்கிப் பலமுறை அகழாய்வு நடந்தது. கல்மணிகள், அறுக்காத கற்கள், பாதி வேலையில் விட்ட கற்கள் எல்லாம் கிடைத்தன. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு எல்லாவற்றையும் அங்கே பட்டை தீட்டியிருக்கிறார்கள். பதிற்றுப்பத்திலேயே அந்த ஊரின் அணிகலன்கள் பேசப்படுகின்றன. கொங்குப் பகுதியில் ரோமானிய நாணயப் புதையல்கள் இவ்வளவு ஏன் கிடைக்கின்றன என்ற கேள்விக்கு, கல் வியாபாரமும் ஒரு பதில். காங்கேயம் பக்கத்துப் படியூரில் 1819-20 வாக்கில் ஜே.எம். ஹீத் என்ற ஆங்கிலேய அதிகாரி குழி தோண்டி அக்வாமரின் எடுத்தார். இதே ஹீத்தான் பிறகு சேலத்து இரும்புத் தாதை நம்பி பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர்.

குருந்தத்தின் கதை இதைவிட சுவாரஸ்யம். அது நகைக்கடைக் கதை இல்லை, பட்டறைக் கதை. குருந்தத்தைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சக்கரம் செய்வார்கள். கல் அறுப்பவர், பட்டை தீட்டுபவர், வாள் துலக்குபவர் எல்லோருக்கும் அந்தச் சக்கரம் வேண்டும். ஒரு வைர வியாபாரியின் பகட்டுக்குப் பின்னால் பத்து குருந்தச் சக்கரம் சுற்றியிருக்கும்.

இந்தக் கல் லண்டனுக்குப் போனதும் அங்கிருந்தவர்களுக்கு ஆர்வம் தாங்கவில்லை. 1798-ல் சார்லஸ் கிரெவில் என்பவர் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவிலிருந்து வந்த குருந்தக்கல் பற்றிக் கட்டுரை எழுதினார். 1802-ல் பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டன் வந்திருந்த பூர்னோன் பிரபு அதே இதழில் இன்னும் விரிவாக எழுதினார். மாணிக்கமும் நீலக்கல்லும் சாணைக்கல்லும் ஒரே கனிமம்தான் என்ற புரிதல் உறுதியானது இந்தக் காலத்தில்தான். கர்நாடகப் பகுதி என்று அன்று அழைக்கப்பட்ட நம் பக்கத்துக் குருந்தம் எந்தப் பாறைக்குள் பொதிந்திருந்தது என்பதையும் பூர்னோன் விவரித்தார். அந்த வெள்ளைத் தாய்ப்பாறைக்குப் பின்னாளில் 'இந்தியனைட்' என்று பெயர் விழுந்தது. அது சித்தம்பூண்டிப் பாறைதான் என்று புவியியலாளர்கள் பிறகு அடையாளம் கண்டார்கள்.

ஆக, நிலவில் கால் வைக்க 167 வருஷம் பாக்கி இருந்தபோதே, நிலவின் வெள்ளை நிலத்துக்குச் சொந்தமான பாறை ஒன்று சேலம் மாவட்டத்திலிருந்து கப்பலேறி லண்டன் மேஜையில் உட்கார்ந்திருந்தது. அது என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சொல்லைக் கொடுத்துத் தொழிலை இழந்த கதை

1890-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மிடில்மிஸ் சேலம், கோவை மாவட்டங்களில் குருந்தம் கிடைக்கும் இடங்களைச் சுற்றிவந்து குறிப்பெழுதினார். 1898-ல் ஹாலண்ட் இந்தியக் குருந்தம் பற்றித் தனிப் புத்தகமே கொண்டுவந்தார். அரசுக்கு அதில் வருமானக் கணக்கு இருந்தது. உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் வளர்ந்துகொண்டிருந்தன, எல்லாவற்றுக்கும் தேய்க்கும் கல் வேண்டும்.

ஆனால் அதற்குள் ஆட்டம் மாறிவிட்டது. 1891-ல் எட்வர்ட் ஆச்சிசன் என்ற அமெரிக்கர், செயற்கை வைரம் செய்யும் முயற்சியில் கரியையும் களிமண்ணையும் மின்சாரத்தால் சூடாக்கினார். பளபளப்பான கடினப் படிகங்கள் கிடைத்தன. கார்பனும் குருந்தமும் கலந்த பொருள் என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு, குருந்தத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தவறாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. தோண்டி எடுக்க வேண்டியதில்லை, தரம் மாறாது, வேண்டிய அளவு செய்யலாம் என்ற நிலையில் இயற்கைக் குருந்தத்தை யார் தேடுவார்கள்? 1902-ல் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செயற்கை மாணிக்கத்தையும் செய்து காட்டினார். அடி மேல் அடி. (திருச்சி செயற்கைக் கல் பட்டறைகளின் வம்சாவளியும் இந்த ஆய்வுக்கூடங்களில்தான் தொடங்குகிறது.)

தமிழ்ப் பெயரைத் தாங்கிய ஒரு பொருள், அந்தப் பெயர் பிறந்த தொழிலையே ஓரங்கட்டியது. பிறகு 1954-ல் அதே பெயரோடு சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி தொடங்கப்பட்டது. சொல் ஒரு சுற்றுச் சுற்றிக் கம்பெனி போர்டாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

1956-ல் ஏ.பி. சுப்பிரமணியம் என்ற இந்தியப் புவியியலாளர் சித்தம்பூண்டி பாறைத் தொகுதியைப் பற்றி அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை, இன்றும் இந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் இந்த ஊரின் பெயரை உச்சரிக்கப் பழகிக்கொண்டது அதனால்தான். நாமக்கல்லில் படித்துவிட்டு பெங்களூரில் வேலை பார்க்கும் எத்தனை பேருக்கு இந்த ஊர் எந்தப் பக்கம் என்று தெரியும்?

'புதையல்' என்ற வார்த்தைதான் பிரச்சினை

சித்தம்பூண்டி பற்றிய செய்திகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். மாணிக்கம், பிளாட்டினம், நிலவு மண் என்று எது வந்தாலும் தலைப்பு ஒன்றுதான்: மண்ணுக்கடியில் கோடி கோடியாய். இங்கே குரோமைட் அடுக்குகளும் உண்டு. பிளாட்டினம் வகை உலோகங்களைத் தேடி புவியியல் ஆய்வுத் துறை ஆய்வும் நடத்தியிருக்கிறது. ஆனால் இருக்கிறது என்பதற்கும், எடுத்தால் கட்டுப்படியாகும் என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி. இங்கே கிடைக்கும் சிவப்புக் கல்லும் பெரும்பாலும் ஒளி புகாத ரகம். மோதிரத்தில் வைக்கிற மாணிக்கம் அபூர்வம்.

புதையல் பேச்சு யாருக்கு லாபம்? ராத்திரியில் கடப்பாரையோடு வருபவர்களுக்கும், 'உங்க காட்டுல கல் இருக்கு' என்று சுற்றும் புரோக்கர்களுக்கும்தான். கொங்கு வட்டாரத்தில் அனுமதியில்லாமல் கல் தோண்டியதாக அவ்வப்போது செய்தி வருவது புதிதல்ல. நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் மட்டும் தன் காட்டில் கனிமம் வெட்டி விற்க முடியாது. 1957-ம் வருஷத்துச் சட்டப்படி குத்தகை வேண்டும். ஆக, சட்டப்படி எடுக்க வழியில்லாத சின்ன விவசாயிக்கு 'புதையல்' என்ற பேச்சு பயத்தைத்தான் கொடுக்கும், பணத்தைக் கொடுக்காது.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்? ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் கூபர் பீடி என்ற ஊர் இருக்கிறது. 1915 பிப்ரவரியில் தங்கம் தேடி வந்த குழுவில் இருந்த 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன், தண்ணீர் தேடப் போய் ஓபல் கல்லைக் கண்டெடுத்தான். அப்படித் தொடங்கியது ஊர். வெயில் தாங்காமல் சுரங்கக் குழியிலேயே வீடு குடைந்து குடியேறினார்கள், சர்ச் கூட நிலத்தடியில்தான். இரண்டு விஷயங்களில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஓபல் தோண்டும் உரிமையைச் சின்னச் சின்ன மனைகளாகத் தனி ஆட்களுக்கே கொடுக்கும் சட்டம் அங்கே உண்டு. இன்னொன்று, பழைய சுரங்கத்தை மியூசியமாக்கி, கல்லை விற்கிற மாதிரியே கல்லின் கதையையும் விற்கிறார்கள். சுமார் 1,500 பேர் வாழும் ஊரை உலகமே தேடிப் போகிறது.

இன்னும் பக்கத்தில் இலங்கை இரத்தினபுரி. அங்கே ஒரு மாணிக்கக் குழி என்றால் நிலத்துக்காரர், லைசென்ஸ் எடுத்தவர், தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொடுத்தவர், குழியில் இறங்கும் தொழிலாளி என்று ஒவ்வொருவருக்கும் பங்கு பிரிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. பங்கு சமம் என்று சொல்ல முடியாது. ஆனால் இறங்கித் தோண்டுகிறவனுக்கும் கல்லில் ஒரு பாகம் உண்டு என்பது ஏற்கப்பட்ட விஷயம்.

இதையெல்லாம் அப்படியே நாமக்கல்லில் காப்பி அடிக்க முடியாது. கூபர் பீடி கல்லுக்காகப் பிறந்த ஊர். சித்தம்பூண்டி கல்லைத் தேடி யாரும் வருவதற்கு முன்பே உழுதுகொண்டிருந்த ஊர். அங்கே நிலம் மேலே சும்மா கிடந்தது, இங்கே நிலம்தான் சோறு. சுரங்கம் என்றால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் வெள்ளைக்கல் சுரங்கங்களைப் பார்த்தால் போதும். நூறு வருஷத்துக்கு மேலாக மேக்னசைட் வெட்டிய இடம். இரும்பு உலைகளுக்குச் செங்கல் கிடைத்தது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலையும் கிடைத்தது, அதை மறுக்க முடியாது. கூடவே நிலத்தின் முகமும் மாறிப்போனது.

அதனால் சித்தம்பூண்டிக்கு வேண்டியது சுரங்கம் இல்லை. அந்தப் பாறை நிலத்துக்கு மேலே தெரிகிற இடங்களில் சிலவற்றையாவது உடையாமல் வைத்திருப்பதுதான்.

பாதுகாப்பு என்றால் பயப்படுவது ஏன்?

புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் திருவக்கரை கல்மரங்கள், சாத்தனூர் கல்மரம், பரங்கிமலை சார்னோகைட் பாறை, பெரம்பலூர் பக்கம் காரை ஆகிய இடங்கள் அதில் உண்டு. சித்தம்பூண்டி இல்லை. பரங்கிமலைப் பாறை பட்டியலில் இருக்கும்போது இது ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி. புவிப் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்க ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டது. அந்த வரைவில் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரமும் பேசப்பட்டது.

இங்கேதான் சிக்கல். கொங்குப் பகுதி விவசாயிகளிடம் போய் 'உங்க நிலத்துல முக்கியமான ஒண்ணு இருக்கு, அரசு பாதுகாக்கப் போகுது' என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கெயில் குழாய். நாமக்கல், சேலம் உட்பட ஏழு மாவட்ட விளைநிலங்கள் வழியாகப் போகத் திட்டமிட்ட அந்தக் குழாய்க்கு எதிராக 2013-ல் பெரிய போராட்டமே நடந்தது. அதன் பிறகு 2018-ல் சேலம் எட்டுவழிச் சாலை. கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவில் கல் நட்டு அளந்த காட்சியைப் பார்த்தவர்கள், அளவு டேப்போடு வரும் யாரையும் நம்ப மாட்டார்கள். அந்தச் சந்தேகத்தை 'விழிப்புணர்வு இல்லை' என்று ஒதுக்குவது அநியாயம். அவர்களுக்கு அனுபவம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனவே வரிசை மாற வேண்டும். முதலில் புறம்போக்கில் இருக்கும் பாறைகளை அடையாளம் காணலாம், அதற்கு யாருடைய பட்டாவும் தேவையில்லை. பட்டா நிலத்தில் இருப்பதை உரிமையாளர் சம்மதத்தோடு, நிலம் அவர் பெயரிலேயே இருக்க, 'இந்த இடத்தை உடைக்காமல் விட்டதற்கு இவ்வளவு' என்று வருஷத் தொகை கொடுத்துக் காக்கலாம். கிராம சபையில் வைத்துப் பேசிவிட்டுத்தான் வரைபடம் போட வேண்டும், வரைபடம் போட்டுவிட்டுச் சபைக்கு வரக்கூடாது.

அடுத்தது பங்கு. ஒரு செடியிலிருந்து மருந்து செய்தால், அந்த அறிவுக்கு உரிய மக்களோடு பலனைப் பகிர வேண்டும் என்று 2002-ம் வருஷத்து பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறது. கேரளத்துக் காணி மக்கள் ஆரோக்கியப்பச்சை மூலிகைக்காகப் பங்கு பெற்ற கதை உலகப் புகழ். கல்லுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. இஸ்ரோ யாரையும் ஏமாற்றவில்லை, இதில் வியாபாரமும் நடக்கவில்லை, நாட்டுத் திட்டத்துக்காகப் பலர் கூலிகூட வாங்காமல் வேலை செய்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மை பெரிய விஷயம். ஆனால் நிலவுக்குப் போகும் நாடுகள் கூடிக்கொண்டே இருக்கின்றன. நாளைக்கு இந்த மாதிரி மண் விலைக்குப் போகும் பொருளானால், ஊருக்கு என்ன என்ற கேள்வி அப்போது எழும். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ராஜஸ்தானின் மக்ரானா பளிங்குக்கல்லுக்கும் இருக்கிறது, ஆக கல்லுக்கு வாங்க முடியும் என்பதில் சந்தேகமில்லை. சித்தம்பூண்டிக்கு யாரும் முயற்சி செய்யலாம் என்று சும்மா விடாமல், பாறையைக் கொண்டுபோன நிறுவனங்களே அதை முன்னெடுத்தால் பொருத்தமாக இருக்கும்.

சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு சுமார் 2,104 கோடி ரூபாய். இந்த முறை நிலவிலிருந்து மண்ணையும் கல்லையும் பூமிக்கு எடுத்துவரப் போகிறார்கள். வந்த பிறகு அதை ஒப்பிட்டுப் பார்க்கப் பூமியில் ஒரு அனார்த்தோசைட் வேண்டும். அதற்காக விஞ்ஞானிகள் மறுபடி பரமத்தி வேலூர் பக்கம் வண்டியைத் திருப்பும்போது, அங்கே காட்டுவதற்குப் பாறை மிச்சம் இருக்க வேண்டும். அந்தப் பாறை என்ன, எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தமிழில் எழுதிய ஒரு போர்டும் பக்கத்தில் இருந்தால், தினமும் அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள்.